எம்.எஸ்சி. முதலாமாண்டு சேர்க்கை ஆரம்பிச்சாச்சு: புதுசா வர்றவங்களை எப்படி வரவேற்கலாம்?

டெல்டா_கணிதம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரியில எம்.எஸ்சி. கணிதம் இரண்டாமாண்டு படிக்கிறேன். எங்க துறையில முதல் கட்டக் கலந்தாய்வு முடிஞ்சு முதலாமாண்டு ஆட்கள் சேர ஆரம்பிச்சுட்டாங்க. வகுப்பு வாட்ஸ்அப் குழுவுல "வெல்கம் எப்போ, ஆளுக்கு எவ்வளவு"ன்னு பேச்சு ஓடுது. பேனர், ரோஜாப்பூ, கேக், துறைத் தலைவர் பேச்சு, ரெண்டு டான்ஸ், மத்தியானம் பிரியாணி. ஒவ்வொரு வருஷமும் நடக்குறதுதான்.

எனக்கு இதுல மனசு ஒட்டல. ஏன்னு சொல்றேன்.

இளங்கலையில சேரும்போது எல்லாருமே புதுசு. முதுகலையில அப்படி இல்ல. பாதிப் பேர் இதே கல்லூரியில பி.எஸ்சி. முடிச்சவங்க. ஆபீஸ்ல எந்த ஜன்னல்ல யார் உட்காருவாங்கங்கிறது வரைக்கும் அவங்களுக்கு அத்துப்படி. மீதிப் பேர் வேற கல்லூரி, சில பேர் வேற பல்கலைக்கழகம், ஒண்ணு ரெண்டு பேர் வேலைக்குப் போயிட்டு இடையில விட்டுத் திரும்பி வர்றவங்க. ஆனா எல்லாரும், ஆசிரியர்கள் உட்பட, "டிகிரி முடிச்ச பிள்ளைங்கதானே, கல்லூரின்னா என்னன்னு தெரியாதா"ன்னு நினைச்சுக்கிறாங்க. முதலாமாண்டு பி.எஸ்சி.க்கு ஒரு வாரம் அறிமுகப் பயிற்சி நடக்குது. எம்.எஸ்சி.க்கு முதல் மணி அடிச்ச உடனே போர்டுல குரூப் தியரி.

இன்னொண்ணு, முதுகலைச் சேர்க்கை ஒரே நாள்ல முடியுறதில்ல. முதல் கட்டம், ரெண்டாம் கட்டம், அப்புறம் காலியிடத்துக்கு நேரடிச் சேர்க்கைன்னு வாரக்கணக்குல இழுக்கும். பி.எட். கிடைச்சு ஒருத்தர் டி.சி. வாங்கிட்டுப் போவார், அந்த இடத்துக்கு இன்னொருத்தர் வருவார். விழா நடக்குற நாள்ல இருக்குறவங்களுக்கு ரோஜாப்பூ. அதுக்கப்புறம் வர்றவங்களுக்கு யாரு?

உங்க கல்லூரிகள்ல என்ன பண்றீங்க? எது உண்மையிலேயே உதவுச்சு? எழுதுங்க, எங்க வகுப்புல பேசி முடிவு பண்ணணும்.

பழைய_ஷிப்ட்

தங்கச்சி, நான் எம்.காம். முடிச்சு வேலையில இருக்கேன். நீ சொல்ற குறை நியாயம். ஆனா விழாவை ஒரேயடியா ஒதுக்காதே.

அரசுக் கல்லூரியில படிக்கிற பிள்ளைக்கு மேடைன்னு ஒண்ணு அமையுறதே அபூர்வம். எங்க வகுப்புல ஒருத்தன் இருந்தான், மூணு வருஷம் பி.காம்.ல வாயே திறக்காதவன். எம்.காம். வெல்கம்ல அவனை நிகழ்ச்சித் தொகுப்புக்கு விட்டோம், பின்னிட்டான். இன்னைக்கு போட்டித் தேர்வு மையத்துல பாடம் எடுக்குறான். விழா வரவேற்கப்படுறவனுக்கு மட்டும் இல்ல, வரவேற்கிறவனுக்கும் ஏதோ ஒண்ணு கொடுக்கும்.

ஆளுக்கு 200, 300 வசூல் பண்றதுதான் தப்பு. அதை ஒத்துக்கிறேன். கொடுக்க முடியாதவன் அன்னைக்கு லீவு போட்டுருவான், காரணம் கேட்டா காய்ச்சல்னு சொல்லுவான்.

மூணாம்_கவுன்சிலிங்

நான் எழுதியே ஆகணும், ஏன்னா "அதுக்கப்புறம் வர்றவங்க"ன்னு அக்கா சொன்ன ஆள் நான்தான். போன வருஷம் எம்.எஸ்சி. இயற்பியல்ல காலியிடத்துல சேர்ந்தேன். வேற மாவட்டக் கல்லூரி, பேர் வேண்டாம்.

நான் போனப்போ வகுப்பு ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகியிருந்துச்சு. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு அடுத்த வாரம்னு கரும்பலகையில எழுதியிருந்தது. பெஞ்சு எல்லாம் ஏற்கெனவே பிரிஞ்சு உட்கார்ந்தாச்சு. முன்னாடி அந்தக் கல்லூரியிலயே படிச்சவங்க, நடுவுல வெளியிலேர்ந்து முதல் கட்டத்துல வந்தவங்க. நான் கடைசி பெஞ்சு. யாரும் கெட்டவங்க இல்ல. யாரும் துரத்தல. ஆனா யாரும் திரும்பிப் பார்த்து "நோட்ஸ் வேணுமா"ன்னும் கேக்கல.

சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். எல்லாரும் குழுக் குழுவா மரத்தடிக்குப் போயிடுவாங்க. டிபன் பாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு எங்க உட்காருறதுன்னு தெரியாம, நோட்டீஸ் போர்டை முழுசாப் படிப்பேன். பழைய தேர்வு அட்டவணை, ரத்ததான முகாம் அறிவிப்பு, என்.எஸ்.எஸ். படம் எல்லாம். அப்புறம் லேப் அட்டெண்டர் ஒருத்தர்தான், "தம்பி, லேப் வராந்தாவுல ஃபேன் இருக்கு, அங்க உட்கார்ந்து சாப்பிடு"ன்னார். அந்தக் கல்லூரி என்னை வரவேற்றதுன்னா அதுதான்.

வருகைப் பதிவும் ஒரு பயம். 75 சதவீதம் வேணும்னு சொல்றாங்க. தாமதமாச் சேர்ந்தவனுக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து கணக்கா, வகுப்பு தொடங்குன நாள்லேர்ந்து கணக்கான்னு யாரைக் கேக்குறதுன்னே தெரியல. பருவத் தேர்வுக்குப் பணம் கட்டுற வரைக்கும் அந்தப் பயத்தோடதான் இருந்தேன்.

டெல்டா_கணிதம்

தம்பி, எழுதுனதுக்கு நன்றி. நீ சொன்னதை எங்க வகுப்புக் குழுவுல அப்படியே போட்டுட்டேன். பிரியாணியா சாம்பார் சாதமான்னு நடந்துக்கிட்டிருந்த சண்டை நின்னுருச்சு.

பழைய_ஷிப்ட் அண்ணா, வசூல் விஷயத்துல நீங்க சொன்ன "காய்ச்சல்" எங்க வகுப்புலயும் உண்டு.

இரண்டாம்_ஷிப்ட்

நான் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாணவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பணம் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதுகலை முதலாமாண்டில் இவை தெரியாமல் பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

ஒன்று, புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுமே இளங்கலை முடியும் வரைதான். முதுகலைக்கு வந்ததும் நின்றுவிடும். "போன மாசம் வந்துச்சு மேடம், இந்த மாசம் வரலை, வங்கியில ஏதோ தப்பு"என்று சொல்லி வங்கிக்கும் ஆபீஸுக்கும் நடையாய் நடந்த மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். சிலர் வீட்டில் அந்த ஆயிரத்தை நம்பித்தான் மேலே படிக்க அனுப்பியிருப்பார்கள். சேரும் நாளிலேயே யாராவது இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, அதற்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு, வருமான வரம்புக்கு உட்பட்டு. இது போக, முதுகலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வழங்குவது ஒன்று இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். நாடு முழுக்க 10,000 பேருக்கு, அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. இளங்கலை மதிப்பெண்தான் அடிப்படை. முக்கியமான விஷயம், இதற்கு முதலாமாண்டில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். இரண்டாமாண்டில் தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை. நம் அரசுக் கல்லூரிகளில் 85, 90 சதவீதம் எடுத்துவிட்டு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

நீங்கள் ரோஜாப்பூ கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

நிலா_அம்மா

மேடம் சொன்னதுக்கு ஆயிரம் நன்றி. எம்.ஏ. தமிழ் முதலாமாண்டு, இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கேன். கல்யாணமாகி, குழந்தை பொறந்து, அதுக்கப்புறம் படிக்க வந்திருக்கேன். என் வயசு வகுப்புல யாருக்கும் இல்ல. என்னைப் பார்த்ததும் ரெண்டு பிள்ளைங்க எழுந்து நின்னு "குட் மார்னிங் மேம்"னு சொல்லிடுச்சுங்க. பாவம், அதுங்க தப்பில்ல.

டான்ஸ் ஆடுறதும் கேக் வெட்டுறதும் எனக்குச் சங்கடமாத்தான் இருக்கும், மறைக்கல. ஆனா என் மாமியார்கிட்ட "காலேஜ்ல எங்களை வரவேற்று விழா வச்சாங்க"ன்னு சொல்லிக்கிறது எனக்கு முக்கியம். வீட்டுல "எதுக்கு இந்த வயசுல"ன்னு கேக்குறவங்களுக்கு அது ஒரு பதில்.

யாராவது ஒரு பொண்ணு முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கணும்னு நான் நினைச்சது வேற. பெண்கள் கழிவறை ரெண்டு இருக்கு. கீழ் மாடியில இருக்குறதுக்குத் தாழ்ப்பாள் இல்ல, தண்ணி சாயங்காலம் நின்னுடும். மேல இருக்குறது நல்லா இருக்கு, ஆனா சாவி துறை அட்டெண்டர் அம்மாகிட்ட. இது தெரியாம முதல் வாரம் முழுக்க நான் தண்ணியே குடிக்காம இருந்தேன். பால் கொடுக்குற உடம்பு வேற. இதை மேடையில யாரும் பேச மாட்டாங்க. பக்கத்துல உட்கார்ந்து ஒரு அக்கா காதுல சொல்றதுதான்.

விடுதி_வாசி

நிலா அக்கா சொன்னது ஆம்பளைங்க எங்க தலையில உறைக்கவே உறைக்காத விஷயம். எங்க துறையில இன்னைக்கே கேக்குறேன்.

நான் அரசு விடுதியில தங்கிப் படிக்கிறேன். 2025-லதான் எங்க விடுதிப் பேரெல்லாம் சமூகநீதி விடுதின்னு மாறுச்சு. வரவேற்புன்ற பேர்ல நடக்குற ஒண்ணைப் பத்திப் பேசணும். மேடைக்குக் கூப்பிட்டு "டாஸ்க்" கொடுக்குறது. சீட்டு எடுக்கச் சொல்லி, அதுல "சீனியர் அக்காவுக்கு புரபோஸ் பண்ணு", "தவளை மாதிரி குதி"ன்னு இருக்கும். எல்லாரும் சிரிக்கிறதால அது ஜாலின்னு நினைக்கிறாங்க. யு.ஜி.சி. 2009-ல போட்ட விதிமுறையில ராகிங்னா என்னன்னு விளக்கம் இருக்கு. ஒரு மாணவன் சாதாரணமாச் செய்ய மாட்டாத, அவனுக்கு வெட்கமோ அவமானமோ தர்ற எதையும் செய்யச் சொல்றது ராகிங்தான். மேடையில ஆசிரியர் முன்னாடி நடந்தாலும் அது ராகிங்தான்.

நம்ம மாநிலத்துக்கு இதுல பெரிய காயம் இருக்கு. 1996 நவம்பர்ல நாவரசுன்னு ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவனைக் கொன்னாங்க. அதுக்கப்புறம்தான் 1997-ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரைக்கும் அபராதம். இப்போ சேரும்போது எல்லாரும் ஒரு உறுதிமொழிப் படிவம் பூர்த்தி பண்றோம், யாரும் படிக்கிறதில்ல. உதவி எண் 1800-180-5522, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. வரவேற்புத் தாள்ல இந்த எண்ணும் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் இருக்கு, அதைச் சட்டத்துல பிடிக்கிறது கஷ்டம். "எந்த ஊரு?"ன்னு கேப்பாங்க. சொன்னா, "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னா, "எந்தத் தெரு?" மூணாவது கேள்வி எதுக்குன்னு கேக்குறவனுக்கும் தெரியும், கேக்கப்படுறவனுக்கும் தெரியும். பதில் வந்த உடனே யார் யார்கூட உட்கார்றதுன்னு முடிவாயிடும். புதுசா வர்றவன்கிட்ட இரண்டாமாண்டு ஆட்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாதுன்னு உங்க வகுப்புல பேசி வச்சுக்கோங்க. விழா எப்படி நடந்தாலும் சரி, இது நடக்காம இருந்தாலே பெரிய வரவேற்பு.

பழைய_ஷிப்ட்

கடைசிப் பத்தியை ரெண்டு தடவை படிச்சேன் தம்பி. கை கொடு.

டாஸ்க் விஷயத்துலயும் முழுசா உன் பக்கம். நான் விழா வேணும்னு சொன்னது இதுக்கு இல்ல.

ஓய்வு_பேராசிரியர்

அன்பு மாணவர்களே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பேச்சைப் படித்து நெகிழ்ந்தேன்.

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-இல் தொடங்கப்பட்டது. காவிரிக் கரையில் இருக்கிறது. 1904-இல் அங்கே உதவித்தொகையோடு சேர்ந்தவர் இராமானுஜன். கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோனது. 1905 ஆகஸ்டில் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். இந்தக் கதையை நாம் எல்லோரும் மேதையின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆசிரியனாக இருந்து பார்க்கும்போது எனக்கு அது வேறு மாதிரித் தெரியும். கல்லூரிக்குள் வந்த ஓர் ஏழைப் பிள்ளை, முதல் ஆண்டிலேயே உதவித்தொகையை இழந்து, ஒருவரிடமும் சொல்ல முடியாமல் ஊரை விட்டே போன கதை அது. இன்றும் முதல் பருவத்தில்தான் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். பெரும்பாலும் காரணம் பாடம் அல்ல. பேருந்துக் காசு, விடுதி இடம், வீட்டு நெருக்கடி. யாரும் கேட்காததால் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் தொடர்ச்சியாக விடுப்பு விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும்.

ஆகவே, தாளோடு ஓர் ஆளையும் கொடுங்கள். முதலாமாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டாமாண்டிலிருந்து ஒருவர். அதே பேருந்துத் தடத்தில் வருபவராக இருந்தால் மிக நல்லது. வகுப்பில் பேச நேரமில்லாவிட்டாலும் பேருந்தில் பேசலாம்.

பெற்றோரை அழைப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. முதுகலைக்கு எதற்குப் பெற்றோர் என்று நினைக்கலாம். ஒரு முறை எங்கள் துறை விழாவுக்கு ஒரு மாணவியின் தாயார் வயல் வேலையை விட்டு வந்திருந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரத் தயங்கினார். துறைத் தலைவராக இருந்த அம்மையார் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் தம் அருகில் உட்கார வைத்தார். அந்தத் தாயார் இருக்கையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் மகளின் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாச் சான்றிதழும். சேர்க்கை முடிந்த பிறகும் எங்கே கேட்பார்களோ என்று கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஆண்டு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது, "படிப்பு முடியட்டும்" என்று உறுதியாகச் சொன்னவர் அந்தத் தாயார்தான் என்று பின்னர் மாணவி சொன்னாள். மேடைக்கு அந்தப் பயன் உண்டு.

டெல்டா_கணிதம்

ஐயா, வணக்கம். நீங்க எழுதுனதைப் படிச்சதும் விழா வேண்டாம்னு நான் பிடிச்ச பிடிவாதம் தளர்ந்துபோச்சு. பெற்றோரைக் கூப்பிடுறது எங்க யாருக்குமே தோணல. ஆனா கூலி வேலைக்குப் போறவங்களை வார நாள்ல கூப்பிட்டா ஒரு நாள் சம்பளம் போகுமே. சனிக்கிழமை வகுப்பு இருக்குற வாரத்துல வச்சா பரவாயில்லையா? எங்க துறைத் தலைவர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்.

பேருந்துத் தடம் யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்களுக்கு நாலு தடத்துலேர்ந்து ஆட்கள் வர்றாங்க, ஒவ்வொரு தடத்துலயும் இரண்டாமாண்டு ஆள் கண்டிப்பா இருப்பாங்க.

பாடம் பத்தியும் ஒண்ணு கேக்கணும். எங்க வகுப்புல தமிழ்வழியில பி.எஸ்சி. முடிச்சவங்க கணிசம். அவங்களுக்குச் சார்பு, எல்லை, தொடர்ச்சின்னுதான் தெரியும். எம்.எஸ்சி. முழுக்க இங்கிலீஷ். ரியல் அனாலிசிஸ்ல முதல் வரியே "லெட் எப்சிலான் பி கிரேட்டர் தென் ஜீரோ"ன்னு ஆரம்பிக்கும். கணக்கு தெரிஞ்சவங்களே முதல் மாசம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. இதுக்கு என்ன பண்ணலாம்?

ஓய்வு_பேராசிரியர்

மகளே, அது நான் ஆண்டுதோறும் பார்த்தது. முதல் பருவத்தில் வரும் கலைச்சொற்கள் நூற்றைம்பதைத் தாண்டாது. இரண்டாமாண்டில் இருக்கும் தமிழ்வழி மாணவர்கள் இருவர் உட்கார்ந்தால் இரண்டு மாலைகளில் தமிழும் ஆங்கிலமுமாகப் பட்டியல் தயாராகிவிடும். ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், நிரூபணத்தைத் தமிழிலேயே பேசிப் புரிந்துகொண்டு, எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதலாம் என்பதை அவர்களுக்குச் சொல்வது. அதற்கு ஆசிரியரின் அனுமதி தேவையில்லை. மரத்தடி போதும்.

வாய்ப்பு கிடைத்தால் எம்.டி.டி.எஸ். என்னும் கணித மாணவர்களுக்கான கோடைப் பயிற்சி பற்றியும் முதலாமாண்டிலேயே சொல்லுங்கள். 1993-இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது. தேர்வானால் தங்குமிடம், உணவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கே மனப்பாடத்துக்கு இடமில்லை, "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அரசுக் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் குறைவு. காரணம், விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் தகவல் வந்து சேர்கிறது.

ஆபீஸ்_ஜன்னல்

கல்லூரி அலுவலகத்துல வேலை பாக்குறவன் பேசுறேன். எங்களைப் பத்தி நல்லதா யாரும் எழுத மாட்டீங்கன்னு தெரியும், பரவாயில்ல. சேர்க்கை நேரத்துல ஒரு ஜன்னலுக்கு முன்னாடி நூறு பேர் நிப்பாங்க. ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லி மத்தியானத்துக்குள்ள குரல் போயிடும். நீங்க போடுற தாள்ல நான் சொல்றதையும் சேர்த்தா எங்களுக்கும் புண்ணியம்.

டி.சி. அசல் கல்லூரிக்கு வேணும், திருப்பித் தர மாட்டோம். அதனால கொடுக்கிறதுக்கு முன்னாடி நாலஞ்சு நகல் எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க. மத்த அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துட்டுத் திருப்பி வாங்கிக்கலாம், அதைக் கல்லூரி பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லயே அறிவிச்சிருக்கு. பயப்படாம கேக்கச் சொல்லுங்க. வேற பல்கலைக்கழகத்துலேர்ந்து வர்றவங்க மைக்ரேஷன் சான்றிதழுக்கு இப்பவே பழைய பல்கலைக்கழகத்துல விண்ணப்பிக்கணும், அது வர நாளாகும். உதவித்தொகைக்கு யூமிஸ் எண் (கல்லூரி மாணவர் விவரம் பதியுற அரசு இணையதளத்துல கிடைக்கிற எண்) வேணும். இளங்கலையில வாங்குன எண்ணே போதும், புதுசா வேணாம், ஆனா படிப்பு விவரத்தை மாத்தணும். அதுக்கு எங்ககிட்ட வரணும்.

போனஃபைடு (இங்க படிக்கிறார்ங்கிற சான்று) கேட்டு வர்றவங்க எதுக்குன்னு தெளிவா எழுதிக் கொடுத்தா அன்னைக்கே போட்டுக் கொடுக்கலாம். வங்கிக்கா, பஸ் பாஸுக்கா, விடுதிக்கான்னு தெரியாம நாங்க எழுதிட்டு, மறுபடி மாத்தி எழுதுறதுலதான் ரெண்டு பேருக்கும் நேரம் போகுது.

மூணாம்_கவுன்சிலிங்

அண்ணா, ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் இப்படிப் பேசிக் கேக்குறது ரொம்ப நல்லா இருக்கு. தாமதமாச் சேர்றவங்க வருகைக் கணக்கு எப்படி? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆபீஸ்_ஜன்னல்

எங்க கல்லூரியில சேர்ந்த நாள்லேர்ந்துதான் கணக்கு பார்ப்போம் தம்பி. ஆனா பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரின்னு இடத்துக்கு இடம் மாறும். சேர்ற அன்னைக்கே துறைத் தலைவர்கிட்டக் கேட்டு, சேர்ந்த தேதி வருகைப் பதிவேட்டுல சரியா ஏறியிருக்கான்னு கண்ணால பார்த்துக்கணும். அந்தத் தேதிதான் பின்னாடி உன்னைக் காப்பாத்தும்.

புதுசு_வேதியியல்

முதல் தடவை எழுதுறேன். எம்.எஸ்சி. வேதியியல், ரெண்டு வாரம் ஆச்சு சேர்ந்து. எங்க சீனியர்ஸ் எங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவுல சேர்த்தாங்க. நல்லதுக்குத்தான். ஆனா என்கிட்ட இருக்குறது அப்பா போன். குழுவுல இரவு பதினோரு மணிக்கு "ஹாய் ஜூனியர்ஸ்"னு மெசேஜ் வந்தா அப்பா முகம் மாறுது. தனியா வேற ரெண்டு பேர் "எந்த ஊருமா"ன்னு மெசேஜ் அனுப்புனாங்க. குழுவை விட்டு வெளிய வந்தா அறிவிப்பு கிடைக்காது, உள்ள இருந்தா வீட்டுல பிரச்சினை. குழு ஆரம்பிக்கும்போது யோசிங்க.

டெல்டா_கணிதம்

இது நாங்க யோசிக்காதது, நல்ல வேளை சொன்னீங்க. எங்க குழுவுல அறிவிப்பு மட்டும் போடுற மாதிரி வச்சுட்டு, ஒரு ஆசிரியரையும் வகுப்புப் பிரதிநிதிகள் ரெண்டு பேரையும் தவிர யாரும் எழுத முடியாத மாதிரி அமைச்சிடலாம். ராத்திரி எட்டுக்கு மேல எதுவும் போடக் கூடாது. நம்பர் எடுத்துத் தனியா மெசேஜ் அனுப்புறவங்க யாரா இருந்தாலும் துறைத் தலைவர்கிட்டப் போகும்னு முதல்லயே சொல்லிடலாம்.

உங்களுக்கு இப்போ வர்ற தனி மெசேஜை அழிக்காதீங்க. நம்பிக்கையான ஆசிரியர் ஒருத்தர்கிட்டக் காட்டுங்க. பெண் ஆசிரியர்னா பேச வசதியா இருக்கும். கல்லூரியில உள்புகார்க் குழுன்னு ஒண்ணு இருக்கும், உறுப்பினர்கள் பேர் நோட்டீஸ் போர்டுல இருக்கணும். துணைக்கு யாரும் இல்லன்னா இங்கயே சொல்லுங்க, பக்கத்துக் கல்லூரின்னா நான் வர்றேன்.

புதுசு_வேதியியல்

நன்றி அக்கா. நாளைக்கு மேடம்கிட்ட காட்டுறேன்.

நிலா_அம்மா

காட்டுமா, தயங்காதே. அப்பாகிட்டயும் நீயே முந்திச் சொல்லிடு. அவரா பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா முதல்ல நிறுத்துறது உன் படிப்பைத்தான்.

டெல்டா_கணிதம்

இன்னைக்கு வகுப்புல உட்கார்ந்து பேசிட்டோம். சண்டையும் நடந்துச்சு. முடிவானதைச் சொல்றேன்.

விழா உண்டு, சனிக்கிழமை, பெற்றோருக்கும் அழைப்பு. வசூல் இல்ல. பேனர் இல்ல, டாஸ்க் இல்ல. எங்க வகுப்புல மூணு பேர் வீட்டுல சமைக்கிறதா ஒத்துக்கிட்டாங்க, தக்காளி சாதமும் தயிர் சாதமும். அரிசிக்கும் மளிகைக்கும் துறை ஆசிரியர்கள் தர்றாங்க. கேக் வேணும்னு ரெண்டு பேர் கடைசி வரைக்கும் விடல. அவங்களே வாங்கிட்டு வரட்டும்னு விட்டுட்டோம்.

தாள் ஒண்ணு, முன்பக்கம் உதவித்தொகை, சான்றிதழ், உதவி எண். பின்பக்கம் முதல் பருவக் கலைச்சொற்கள். நிலா அக்கா சொன்ன கழிவறை நிலைமை எங்க கல்லூரியிலயும் அதேதான். சாவி விஷயத்தைத் தாள்ல போடல, ஒவ்வொரு பெண்கிட்டயும் நாங்க நேர்ல சொல்றோம். கீழ்மாடித் தாழ்ப்பாளுக்கு முதல்வருக்கு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு.

பேருந்துத் தடப்படி ஆள் பிரிச்சாச்சு. கடைசியாச் சேர்றவர் வரைக்கும் இது தொடரணும்னு, தாள்ல பத்து பிரதி கூடுதலா எடுத்துத் துறை அட்டெண்டர் அம்மாகிட்டக் கொடுத்து வச்சிருக்கோம். புதுசா யார் வந்தாலும் முதல்ல அவங்ககிட்டதான் "எம்.எஸ்சி. கிளாஸ் எங்க"ன்னு கேப்பாங்க. சாப்பாட்டு நேரத்துல முதல் மாசம் முழுக்க ரெண்டு வருஷமும் ஒண்ணாச் சாப்பிடுறதுன்னும் பேசியிருக்கோம். எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாது, ஆனா தொடங்கிட்டோம், இன்னைக்கு பதினாலு பேர் உட்கார்ந்தோம்.

"எந்தத் தெரு" பத்தி விடுதி_வாசி எழுதுனதை வகுப்புல சத்தமா வாசிச்சேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தன் எழுந்து, கேக்க மாட்டேன்னு சொன்னான். மத்தவங்களும் சொன்னாங்க.

இரண்டாம்_ஷிப்ட்

மகிழ்ச்சி. தாளை நகலெடுக்கும் முன் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தில் கொடுக்கும் வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்க வேண்டும். சிலர் பள்ளியில் தொடங்கிய கணக்கு பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். வங்கிக்கு ஒருமுறை நேரில் போய்க் கணக்கு இயங்குகிறதா என்று கேட்டுவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் தாளின் படத்தை இங்கே போட்டால் எங்கள் துறைக்கும் எடுத்துக்கொள்வேன்.

டெல்டா_கணிதம்

சேர்த்துட்டேன் மேடம். நாளைக்குத் தட்டச்சு முடிஞ்சதும் படம் போடுறேன். கலைச்சொல் பக்கத்தை மட்டும் நீங்க உங்க துறைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும்.